இடுப்பில் இருந்த ஃபியூஸ்

மின்சார ஆபீசில் லைன்மேன் வேலை பார்த்த அந்த மனுஷருக்குத் தெருக்காரர்கள் வைத்த பெயர் 'பாக்கெட்'. கம்பத்தில் ஏறுவதற்கு முன்னால் ஃபியூஸைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டு, பொத்தானையும் மாட்டிக்கொண்டுதான் ஏணியில் கால் வைப்பார்.

காரணம் இருந்தது. மேலே ஆள் இருப்பது தெரியாமல் எவனோ ஒரு புண்ணியவான் கீழே ஃபியூஸைச் சொருகியதில், கூட வேலை பார்த்தவர் கம்பத்திலேயே கருகிப் போனார். அதைக் கண்ணால் பார்த்தவர் இவர். "ஃபியூஸ் என் பையில இருக்கிற வரைக்கும் எமன்கூட என்கிட்ட வாலாட்ட முடியாது" என்பார். சாப்பிடும்போதும் இதே பேச்சு, படுக்கும்போதும் இதே பேச்சு. கேட்டுக் கேட்டு அவர் மனைவிக்குக் காது புளித்துவிட்டது.

ஊருக்கெல்லாம் புத்தி சொல்லும் மகானின் வீட்டு லட்சணத்தைக் கேளுங்கள். வாஷிங் மெஷினைத் தொட்டால் சுர்ரென்று இழுக்கும். எர்த் ஒயர் அறுந்து மாதக்கணக்காகக் கிடந்தது. அதை மாட்டச் சொல்லி மனைவி தையல் மெஷினை மிதித்துக்கொண்டே நச்சரிப்பார்.

"செல்லமா கிள்ளுதுடி. உன்மேல அதுக்கு ஆசை."

"உங்களைக் கிள்ளினா தெரியும்."

நாளைக்கு, நாளைக்கு என்று டிமிக்கி கொடுத்துக்கொண்டே இருந்தார்.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கிரிக்கெட் ஃபைனல் தொடங்கும் நேரம் பார்த்து அந்த அம்மா மெயின் சுவிட்சை இறக்கினார். ஃபியூஸைப் பிடுங்கி இடுப்பில் சொருகிக்கொண்டார். டிவி அணைந்தது.

"அடிப்பாவி! இன்னிக்கு ஃபைனல்டி!"

"எர்த்தை மாட்டுங்க, தர்றேன். மெஷின்ல துணி ஊறுது. அக்கா வீடு வரைக்கும் போயிட்டு வரேன்."

புருஷனின் பாடத்தைப் புருஷனுக்கே நடத்திவிட்டுப் போனார் மகராசி.

நம்ம ஆள் கொஞ்ச நேரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்புறம் எழுந்தார். ஒரு துண்டு ஒயரை உரித்து, ஃபியூஸ் இருந்த இடத்தில் இந்த முனையையும் அந்த முனையையும் சேர்த்துக் கட்டி மெயினைத் தூக்கினார். டிவி வந்தது. அக்கம்பக்கத்தில் யாராவது போட்டுக்கொடுத்துவிடுவார்களே என்று சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்தார். தன் சாமர்த்தியத்தை நினைத்து அவருக்கே உச்சி குளிர்ந்தது. வேலையிடத்தில் வேறு எவனாவது இதைச் செய்திருந்தால் காலை ஒடித்திருப்பார். அட, அறிவு கெட்ட மனுஷா!

அந்த அம்மா சீக்கிரமே திரும்பி, பின்வாசல் வழியாக நேரே குளியலறைக்குப் போனார். ஃபியூஸ்தான் தன்னிடம் இருக்கிறதே, பயம் என்ன? வெறுங்காலோடு ஈரத்தரையில் நின்று, ஒரு கையால் மெஷினைப் பிடித்துக்கொண்டு மறுகையைத் துணிக்குள் விட்டார்.

வாளி உருண்ட சத்தமும், கூடவே ஓர் அலறலும் கேட்டன. லைன்மேன் துள்ளி எழுந்தார். கால்கள் குளியலறைக்குத்தான் ஓடப் பார்த்தன. தொட்டால் இரண்டு பேரும் போய்விடுவோம் என்று தொழில் அவரைப் பிடித்து இழுத்தது. பாய்ந்து மெயினை அடித்து இறக்கிவிட்டு ஓடினார்.

சுவருக்கும் மெஷினுக்கும் நடுவில் அந்த அம்மா சரிந்து கிடந்தார். உள்ளங்கை வெந்து போயிருந்தது. "அம்மாடி, கண்ணைத் திற, என்னை விட்டுட்டுப் போயிடாதேடி" என்று கன்னத்தைத் தட்டித் தட்டிக் கதறினார். மூச்சு இருந்தது. கொஞ்ச நேரத்தில் கண்ணும் திறந்தது. திறந்தவுடன் அந்த அம்மாவின் கை இடுப்பைத் தடவி, ஃபியூஸை எடுத்து அவரிடம் நீட்டியது.

"இது என்கிட்டதானே இருக்கு? அப்புறம் எப்படிங்க?"

அவர் ஃபியூஸை வாங்கிக்கொண்டார்.

"நான்தான்டி. ஒயரை வெச்சுச் சேர்த்துட்டேன். மேட்ச் பாக்கறதுக்கு."

அந்த அம்மா அவரைப் பார்த்தார். திட்டவில்லை.

"ஜெயிச்சாங்களா?" என்று கேட்டார்.

அவ்வளவுதான். அவர் ஈரத்தரையில் தொப்பென்று உட்கார்ந்து ஓவென்று அழ ஆரம்பித்தார். சத்தம் கேட்டு ஓடி வந்த பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு, இரண்டு பேரில் யாருக்கு ஷாக் அடித்தது என்றே தெரியவில்லை.