தாயின் அருகில் இரண்டு மணி நேரம்

உற்றார் உறவினருக்கும், அக்கா அவர்களின் கையில் பிள்ளை பெற்ற தாய்மார்களுக்கும், அந்தப் பிள்ளைகளுக்கும் உடன்பிறந்த தம்பியின் வணக்கம்.

அக்கா அவர்கள் எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகின்றது. இத்தகைய நினைவு மலர்களில் மறைந்தவரைத் தெய்வம் என்றும் குலவிளக்கு என்றும் எழுதுவர். அக்கா அவர்கள் தெய்வம் அல்லர். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றிய கிராம சுகாதாரச் செவிலியர். அதனினும் பெரிய பட்டம் ஒன்று அவர்களுக்கு வேண்டும் என்று நான் கருதவில்லை.

அச்சுக்குக் கொடுக்கும் முன்னர் இக்கட்டுரையை எங்கள் பெரியப்பா மகனாகிய அண்ணாச்சி அவர்களிடம் படிக்கக் கொடுத்தேன். பாதியிலேயே கண்ணாடியைக் கழற்றிவிட்டார்கள்.

“ஏலே, பொம்பளையாளுக சமாச்சாரத்த இப்படிப் பச்சையா எழுதியிருக்கியே. சாமி படத்துக்குப் பக்கத்துல வைக்கிற புஸ்தகம்லா இது?”

“அங்கன வைக்காண்டாம் அண்ணாச்சி. பிள்ளத்தாச்சி இருக்க வீட்ல கைக்கு எட்டுத மாதிரி வச்சாப் போதும்.”

“உங்கம்மைக்குக் காய்ச்சல்னுதான ஊர்ல சொல்லியிருக்கு? அது அப்படியே இருந்துட்டுப் போட்டும். இத்தனை வருசம் கழிச்சு எதுக்குல கிண்டுத?”

அப்படியே இருந்துவிட்டுப் போக நான் விடப்போவதில்லை. எங்கள் அம்மா காய்ச்சலால் இறக்கவில்லை. என்னைப் பெற்ற ஒரு மணி நேரத்திற்குள் உதிரப்போக்கினால் இறந்தார்கள். இதை எழுதாமல் அக்கா அவர்களின் வாழ்க்கையை எழுத இயலாது. ஆகவே எழுதுகின்றேன்.

சங்கரன்கோவிலில் கைத்தறி நெய்த குடும்பத்தில் மூத்த மகளாகப் பிறந்தவர்கள் அக்கா அவர்கள். அவர்களுக்குப் பின் அம்மாவுக்கு இரண்டு கரு தங்கவில்லை. எட்டு ஆண்டுகள் கழித்து நான் பிறந்தேன். நண்பகல் வேளை. ஆண்பிள்ளை என்றதும் வந்திருந்த பெண்கள் அத்தனை பேரும் என்னைத் தூக்கிக்கொண்டு முன்னறைக்கு வந்துவிட்டார்கள். தெருவுக்குச் சீனி கொடுக்க எட்டு வயது அக்காவை அனுப்பினார்கள். கொடுத்து முடித்து, வெறுந்தட்டை அம்மாவிடம் காட்டலாம் என்று அக்கா உள்ளறைக்குப் போனபோது அங்கே அம்மா மட்டும் கிடந்தார்கள். தண்ணீர் கேட்டார்கள். பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீர் கொடுக்கலாகாது என்பது அந்நாளைய கட்டுப்பாடு. அக்கா கொடுத்தார்கள். அம்மா அரை டம்ளர் குடித்தார்கள். பாய் நனைந்திருப்பதை அக்கா அப்போதுதான் கண்டார்கள்.

ஓடி வந்து முன்னறைப் பெண்களிடம் அக்கா சொன்னார்கள். “பச்ச உடம்புக்காரி அப்படித்தான் கெடப்பா. நீ இங்கன வந்து தம்பியப் பாருட்டி” என்றார்கள் அப்பெண்கள். அவர்கள் ஒருவழியாக எழுந்து போனபோது அம்மா உயிருடன் இல்லை.

அன்று முதல் எங்கள் இருவருக்கும் ஆளுக்கொரு பெயர் கிடைத்தது. நான் பெற்றவளை முழுங்கினவன். அக்கா, தண்ணீர் கொடுத்துப் பெற்றவளை அனுப்பியவள். எங்கள் முகத்துக்கு நேராகவே சொன்னார்கள். அவர்களுள் சிலர் இன்று இம்மலரைக் கையில் வாங்கக்கூடும். வாங்கட்டும்.

அக்கா அவர்கள் பள்ளிப்படிப்பை முடித்ததும் திருநெல்வேலியில் செவிலியர் பயிற்சியில் சேர்ந்தார்கள். உதிரம் தொடும் வேலை குடும்பத்துக்கு ஆகாது என்று உறவினர் கூடிப் பேசினர். எங்கள் தந்தையார் தறியை விட்டு எழாமலே, “அவ போவா” என்று இரண்டு சொல் சொன்னார்கள். பேச்சு முடிந்தது.

ஒரு நாள் பாடத்தில் பிள்ளையும் நஞ்சுக்கொடியும் வெளிவந்த பிறகு செய்ய வேண்டியதைச் சொல்லிக் கொடுத்தார்களாம். முதல் இரண்டு மணி நேரம் தாயை விட்டு நகரலாகாது. அடிவயிற்றில் கைவைத்தால் கருப்பை பந்துபோல் இறுகியிருக்க வேண்டும். இளகினால் உதிரம் பெருகும். உடனே தேய்த்து இறுகச் செய்ய வேண்டும். துணி எவ்வளவு நனைகிறது என்று பார்க்க வேண்டும். நாடி பார்க்க வேண்டும். குடிக்கக் கொடுக்க வேண்டும். அக்கா எழுந்து நின்று, “தண்ணி குடுத்தாச் செத்துர மாட்டாங்களா டீச்சர்?” என்று கேட்டார்களாம். வகுப்பு சிரித்தது. ஆசிரியை சிரிக்கவில்லை. “குடுக்காம இருக்கதுதாம்மா தப்பு” என்றார்களாம். பதினொரு ஆண்டுகள் சுமந்ததை அக்கா அந்த வகுப்பறையில் இறக்கி வைத்தார்கள்.

அடுத்த விடுமுறையில் உறவில் ஒரு திருமணம். தாம்பூலத் தட்டை என்னிடம் யாரோ கொடுக்க, ஓர் உறவுக்காரப் பெண்மணி, “முழுங்கினவன் கையால எதுக்கு?” என்று பறித்துக்கொண்டார். அக்கா அத்தட்டை அவர் கையிலிருந்து வாங்கி மீண்டும் என் கையில் வைத்தார்கள். மேளக்காரர்கூட நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

“இவன் முழுங்கவும் இல்ல, நான் கொல்லவும் இல்ல. பக்கத்து அறையில பத்துப் பேரு இருந்தீங்க. எங்கம்மைய யாரும் பாக்கல.”

நான் தலைநிமிர்ந்து நடக்கத் தொடங்கியது அந்தத் தட்டோடுதான்.

பின்னர் கரிவலம்வந்தநல்லூரைச் சுற்றிய ஊர்களில் அக்கா அவர்கள் பணியாற்றினார்கள். மாப்பிள்ளை கேட்டு வந்தோர் உண்டு. வேலையை விட்டால் கட்டிக்கொள்கிறோம் என்றனர். “வேலையைக் கட்டிக்கிட்டாச்சு, போயிட்டு வாங்க” என்று காப்பி கொடுத்து அனுப்பினார்கள். இதைத் தியாகம் என்று எழுதும்படி பலர் எனக்குச் சொன்னார்கள். எழுத மாட்டேன். அக்கா எதையும் துறக்கவில்லை. தமக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டார்கள்.

எந்த வீட்டில் பிரசவம் பார்த்தாலும் இரண்டு மணி நேரம் கழியாமல் எழமாட்டார்கள். “பிள்ள பொறந்து எம்புட்டு நேரமாச்சு, நர்சம்மா இன்னும் வாட்ச்சையே பாத்துக்கிட்டு இருக்காங்க. பந்தி போட்டாத்தான் எந்திப்பாங்களோ?” என்று வீட்டார் கேலி செய்வார்களாம். “பந்தி வேண்டாம் மக்கா. இவளுக்கு ஒரு செம்பு தண்ணி கொண்டா, அது போதும்” என்பார்களாம் அக்கா.

இனி என் வீட்டுச் செய்தி. என் துணைவியாருக்குத் தலைப்பிரசவம். மாமனார் வீட்டில் அக்காதான் பார்த்தார்கள். மாலை நான்கு மணிக்குப் பெண்குழந்தை பிறந்தது. குழந்தையின் நாவில் முதன்முதலில் இனிப்புத் தொட்டு வைக்கும் சேனை வழக்கத்தை அறிவீர்கள். யார் வைக்கிறாரோ அவர் குணம் பிள்ளைக்கு வரும் என்பர். அதை வைப்பது யார் என்று முற்றத்தில் அண்ணாச்சி அவர்களுக்கும் குழந்தையின் தாய்மாமனுக்கும் வாக்குவாதம். அத்தனை பேரும் குழந்தையோடு அங்கேதான் நின்றோம்.

“ஏலே, உள்ள வா!” அக்காவின் குரல் கேட்டது. என்னைத்தான் அழைத்தார்கள்.

“ஆம்பள அந்த அறைக்குள்ள போகக்கூடாது வே!” என்று சேனைக் கிண்ணத்தோடு அண்ணாச்சி வாசலை மறித்தார்கள்.

“எங்கம்மை செத்தப்ப வீடு நெறையப் பொம்பளைகதான் இருந்தாங்க, அண்ணாச்சி. தள்ளுங்க.”

உள்ளே போனேன். என் துணைவியாரின் முகம் வெளுத்திருந்தது. அக்கா அவர்கள் அடிவயிற்றை விடாமல் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். கருப்பை இறுகியதும் என் கையைப் பிடித்து அங்கே வைத்தார்கள். “இங்கன கை வை. நான் ஊசி எடுக்கணும். கல்லு மாதிரி இருக்கா? மெத்துன்னு ஆனாச் சத்தம் போடு. பிள்ளையத் திரும்பிப் பாக்காத, இவளப் பாரு.” ஊசி போட்டார்கள். முற்றத்துக்கு எட்டிப் பார்த்து, “சேனையும் வேண்டாம் சீனியும் வேண்டாம், பிள்ளைய இங்க கொண்டாங்க” என்று வாங்கி, தாயின் மார்பில் விட்டார்கள். பிள்ளை சப்பச் சப்ப என் கையின் கீழே கருப்பை மேலும் இறுகுவதை நான் உணர்ந்தேன். இரண்டு மணி நேரம் நாங்கள் இருவரும் அசையவில்லை. முழுங்கினவன் என்று பெயர் பெற்ற கை அது.

என் துணைவியார் இன்று உங்களுக்கு இம்மலரைத் தம் கையால் வழங்குகிறார்கள்.

இறுதி மாதங்களில் அக்கா அவர்களுக்கு மூச்சுத்திணறல் மிகுந்து, எழுந்து நடமாட முடியவில்லை. அவ்வேளையில் என் பேத்திக்கு அரசு மருத்துவமனையில் பிரசவமாயிற்று. பேத்தியின் கணவர் வீடியோவில் அழைத்துக் குழந்தையைக் காட்டினார். நாங்கள் எல்லோரும் செல்பேசியை மொய்த்தோம். அக்கா மட்டும் முகம் சுளித்தார்கள்.

“பிள்ள இருக்கட்டும். அவ எங்க? அவ பக்கத்துல யாரு இருக்கா?”

“நான் இருக்கேன் ஆச்சி. அவளும் இந்தா முழிச்சுக்கிட்டுத்தான் இருக்கா.”

“வயித்துல கை வச்சுப் பாத்தாங்களா?”

“சிஸ்டர் இப்பக்கூட வந்து பாத்துட்டுப் போனாங்க, ஆச்சி.”

“போனை வச்சுட்டு அவளுக்குக் குடிக்கக் குடு.”

அதன் பிறகுதான் படுத்தார்கள். சில வாரங்களில் அமைதியாகப் பிரிந்தார்கள்.

அந்நாட்களில் அக்கா அவர்களைக் கவனித்துக்கொண்ட அரசு மருத்துவமனைச் செவிலியர்களுக்கும், உடன் பணியாற்றிய தோழியர்க்கும், தறிப்பட்டறையை அடைத்துவிட்டு வந்து நின்ற அண்டை வீட்டாருக்கும், மூன்று பேருந்து மாறி வந்து அழுத தாய்மார்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி உரியது. அண்ணாச்சி அவர்களுக்கும் நன்றி. இக்கட்டுரைக்கு அவர்கள் இன்னும் உடன்படவில்லை. ஆயினும் தம் பேத்தி நிறைமாதமாக இருப்பதால் தமக்கு ஒரு பிரதி கூடுதலாக வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.

உங்களிடம் நான் வேண்டுவது ஒன்றே. அக்கா அவர்களின் படத்துக்கு மாலை வேண்டாம். உங்கள் வீட்டில் பிள்ளை பிறக்கும் நாளில் அனைவரும் பிள்ளையைப் பார்க்க ஓடுவீர்கள், ஓடுங்கள். ஒருவர் மட்டும் ஓடாதீர்கள். தாயின் அருகில் இரண்டு மணி நேரம் உட்காருங்கள். செவிலியர் வந்து வயிற்றில் கைவைத்துப் பார்க்கிறாரா என்று பாருங்கள். துணி நனைந்தால் கூச்சப்படாமல் சத்தம் போடுங்கள். தண்ணீர் கேட்டால் கொடுங்கள்.

நான் பிறந்த அன்று வீட்டில் இருந்த அத்தனை பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். என்னை மறுநாளும் பார்த்திருக்கலாம்.