பொய் சொன்னால் அழும் ஜாடி

முதல் ஜாடியை அவள் நகர்த்தி நகர்த்தியே சொந்தமாக்கிக்கொண்டாள்.

தண்ணீர் மீட்டர் அளவெடுப்பது அவளுடைய வேலை. ஒரு வீட்டின் பின்புறத்தில், மீட்டர் குழியை மூடியிருந்த பலகை காற்றில் பறக்காமலிருக்க, அதன்மேல் முழங்கால் உயரப் பழைய பீங்கான் ஜாடி ஒன்றை வைத்திருந்தார்கள். மேல்பாதி தேன் நிறம், கீழ்ப்பாதி தயிர் நிறம், தோளில் இரண்டு காதுகள். மாதம் ஒருமுறை அவள் அதை இறக்கிவைத்து, எண்ணைக் குறித்துக்கொண்டு, மறுபடியும் தூக்கிவைப்பாள். பதினோரு மாதம் பொறுத்தாள். பன்னிரண்டாவது மாதம் வீட்டம்மாவிடம் கேட்டேவிட்டாள்.

"மாசாமாசம் இதை நகர்த்துறேங்க. ஒரேயடியா எங்க வீடு வரைக்கும் நகர்த்திடட்டுமா?"

வீட்டம்மா சிரித்தார். "எடுத்துட்டுப் போம்மா. பதிலுக்கு ஒரு கல்லைத் தூக்கி வெச்சிட்டுப் போ."

அன்று தொடங்கியது. மீட்டர்கள் எப்போதும் வீட்டின் கொல்லையில், மாடிப்படிக்கு அடியில், விறகு அடுக்கிய மூலையில்தான் இருக்கும். ஒரு வீடு தனக்கு வேண்டாததையெல்லாம் ஒதுக்கி வைக்கும் இடமும் அதுதான். வாசலில் வந்து போகிற விருந்தாளிகள் பார்க்காத சாமான்களை எல்லாம் இவள் பார்த்தாள். ஊறுகாய் போட்டுவைத்த ஜாடி, எண்ணெய் வைத்த கூஜா, மூடியை இழந்தது, காதை இழந்தது. பதினெட்டு வருடத்தில் நாற்பத்து மூன்று சேர்ந்தன. தெருக்காரர்கள் அவளை மீட்டர் அக்கா என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டு ஜாடி அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தார்கள்.

எதைப் பார்த்தாலும் முதலில் விரலை மடக்கி ஒரு தட்டு தட்டுவாள். நன்றாகச் சுட்டதென்றால் மணி மாதிரி கணீர் என்று சொல்லும். விரிசல் இருந்தால், அல்லது சூளையில் அரைவேக்காடாக இறக்கியிருந்தால், டொக் என்று சொல்லும். பிறகு கவிழ்த்து அடியைப் பார்ப்பாள். அங்கே இரண்டு விஷயங்கள் இருக்கும். ஒன்று, பெரிய எழுத்தில் முதலாளியின் முத்திரை. இன்னொன்று, விளிம்போரத்தில் மெருகு படாத சின்னத் தடம். பளபளப்பு ஏற்றும் மெருகுக் குழம்பில் ஜாடியை முக்கியெடுத்தபோது அதைப் பிடித்திருந்த விரல் பட்ட இடம். முதலாளியின் பெயர் எல்லா ஜாடியிலும் ஒன்றுதான். விரல்கள் மட்டும் வேறு வேறு. ஒல்லி விரல், தடித்த விரல், ஒரு ஜாடியில் நுனி இல்லாத விரல். பெயர் எழுதிக்கொள்ள யாரும் அனுமதிக்காதவர்கள் விட்டுப்போன கையெழுத்து அது என்பாள். தன் விரலை அதில் பொருத்திப் பார்த்த பிறகுதான் ஜாடியை வீட்டுக்குள் கொண்டுபோவாள்.

வீடு என்றால் இரண்டு அறைகள். முன்னறையில் அவள் கணவரின் தையல் மெஷின். அவருடைய கத்தரிக்கோல்கள் ஒரு கூஜாவில், நூல்கண்டுகள் ஒரு ஜாடியில், அவர் உட்காரும் நாற்காலியைச் சுற்றிலும் மிச்சம்.

"ஒரு மாமியாரைச் சமாளிக்கலாம். நாற்பத்து மூணு மாமியாரை எப்படிச் சமாளிக்கறது?" என்று துணி தைக்க வருகிறவர்களிடம் அவர் முறையிடுவார். "பாருங்க, ஒவ்வொண்ணும் இடுப்புல கையை வெச்சுக்கிட்டு என்னையே முறைக்குது."

அவற்றில் ஏழாவது ஜாடி அவரோடு நேரடியாகவே மோதியது. தைத்து முடித்த வெள்ளைச் சட்டையை அதன்மேல் போட்டிருந்தார். சாயங்காலம் எடுத்தபோது சட்டையின் முதுகு ஈரம். காய்ந்ததும் வெள்ளை வெள்ளையாகத் திட்டு. அக்கா நாக்கை நீட்டி ஜாடியை நக்கிப் பார்த்தாள். உப்பு.

விடமாட்டாளே! நூலகத்துக்குப் போய்ப் புத்தகம் புரட்டினாள். மருந்துக்கடைக்காரரைக் கேட்டாள். விஷயம் விளங்கியது. அரைவேக்காட்டு ஜாடி. அதில் வருடக்கணக்காக உப்பு போட்டு வைத்திருக்கிறார்கள். மெருகில் இருக்கும் மயிரிழைக் கீறல்கள் வழியாக உப்பு மண்ணுக்குள் ஊறி உட்கார்ந்துவிட்டது. காற்றில் ஈரம் ஏறினால் உள்ளே இருக்கும் உப்பு அதை உறிஞ்சும், ஜாடி வியர்க்கும். அதன்பிறகு மீட்டர் நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு கணக்கு ஓடியது. ஏழாவது வியர்த்த நாள், மழை வந்த நாள். இரண்டு வருடத்தில் ஐந்தே ஐந்து தடவைதான் தப்பியது.

இவ்வளவையும் அறிந்தவளுக்கு ஆறு வருடமாக ஒரு ஜாடியின் மேல்தான் உயிர். அது மரக்கடைக்காரர் வீட்டுக் கூடத்தை அடுத்த சின்ன அறையில், தனியாக ஒரு மேடையில் இருந்தது. இடுப்புயரம். தோளைச் சுற்றி நீலக் கோடு. கோட்டின் மேல், கையால் ஒரே இழுப்பில் வரைந்த பறவை. அறையின் வெளிச்சுவரில் மீட்டர் இருந்ததால் மாதாமாதம் ஜன்னல் வழியாகத் தரிசனம் கிடைக்கும். கேட்டும் பார்த்துவிட்டாள்.

"அது ஜாடி இல்லம்மா, எங்க வீட்டு நீதிபதி" என்றார் மரக்கடைக்காரர். "எங்க அப்பா காலத்துலேர்ந்து இருக்கு. பொய் சொல்றவன் கையை வெச்சா அழுதுடும். கண்ணால பாத்திருக்கேன்."

"யார் யாரைங்க கையை வைக்கச் சொன்னீங்க?"

"வண்டிக்காரன் ஒருத்தன். அப்புறம் ஒரு சமையக்காரி. தோட்டக்காரன்."

"உங்க மாப்பிள்ளையை ஒரு தடவை வெக்கச் சொல்லிப் பாக்கலையா?"

"மாப்பிள்ளையை எதுக்கு?" என்று அவர் உண்மையாகவே வியந்தார்.

போன மழைக்காலத் தொடக்கத்தில் அக்கா அளவெடுக்கப் போனபோது, மரக்கடைக்காரர் வீட்டு வாசலுக்கு வெளியே நெட்டை உட்கார்ந்திருந்தாள். அந்த வீட்டிலும் பக்கத்தில் இரண்டு வீடுகளிலும் பாத்திரம் கழுவித் துணி துவைப்பவள். கதவு நிலையில் தலை இடிக்கும் உயரம் என்பதால் அந்தப் பெயர். மடியில் ஒரு துணிப்பை. முகம் வீங்கியிருந்தது.

"என்னடி இது, வாசல்ல உக்காந்திருக்க?"

"வெள்ளிக் கரண்டி ஒண்ணு காணோமாம்கா. நேத்து என்னைக் கூப்பிட்டு அந்த ஜாடி மேல கையை வைன்னாங்க. வெச்சேன்."

"வெச்ச?"

"அழுதுடுச்சுக்கா." அவள் தன் உள்ளங்கையையே ஏதோ அந்நியப் பொருள்போலப் பார்த்தாள். "நான் எடுக்கலக்கா. ஆனா கையெல்லாம் ஈரம். எனக்கே ஒரு நிமிஷம் சந்தேகம் வந்துடுச்சு, எடுத்துட்டு மறந்துட்டனோன்னு. பக்கத்து ரெண்டு வீட்டு அம்மாவும் பாத்துட்டாங்க. இனிமே வராதேன்னுட்டாங்க. இந்தத் தெருவே போச்சு. வேற தெருவுல போய்க் கேட்டா, முன்ன எங்க வேலை செஞ்சன்னு கேப்பாங்களே, என்ன சொல்லுவேன்?"

அக்கா நேற்றைய வானத்தை நினைத்துப் பார்த்தாள். காலையிலிருந்தே புழுக்கம், மாலையில் மழை. வருடக்கணக்காகத் தன் அழுக்குப் பாத்திரத்தை ஒருத்தியிடம் நம்பிக் கொடுத்தவர்கள், அவள் வாயை நம்பவில்லை. மண்ணை நம்பினார்கள்.

"எழுந்து வா" என்றாள்.

மரக்கடைக்காரர் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார். அக்கா வழக்கப்படி பின்பக்கம் போகாமல் நேரே கூடத்துக்கு வந்ததைக் கண்டு கண்ணாடியைக் கழற்றினார். அக்கா உப்புக் கதையை முதலிலிருந்து கடைசிவரை சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"நம்பலைன்னா ஜாடியை நக்கிப் பாருங்க ஐயா. உப்புக் கரிக்கும்."

அவர் நக்கவில்லை. அவர் மனைவி விரலால் தொட்டு வாயில் வைத்துப் பார்த்துவிட்டு, "ஆமாங்க, உப்புதான்" என்றார்.

"உப்பாத்தானே இருக்கும்?" மரக்கடைக்காரர் வெற்றியோடு சிரித்தார். "கண்ணீர் பின்ன இனிக்குமா?"

இப்படி ஒரு பதிலை எந்தப் புத்தகமும் அக்காவுக்குச் சொல்லியிருக்கவில்லை.

"சரிங்க ஐயா. யாரும் கையை வெக்காம, யாரும் பக்கத்துலயே இல்லாம அழுதா ஒத்துக்குவீங்களா? ஜாடியைத் துடைச்சு வைங்க. ஜன்னல் தெறந்தே இருக்கட்டும், கம்பி இருக்கு, ஒருத்தரும் நுழைய முடியாது. கதவைப் பூட்டிச் சாவியை நீங்களே வெச்சுக்குங்க. ஒரு வாரத்துக்குள்ள தானா அழும். என்னிக்குன்னு முன்கூட்டியே நானே வந்து சொல்றேன்."

"அழலைன்னா?"

"என்கிட்ட இருக்கற நாற்பத்து மூணு ஜாடியும் உங்க வாசல்ல இருக்கும்."

"அழுதா?"

"யார் யார் முன்னாடி இவளைத் திருடின்னு சொன்னீங்களோ, அவங்க எல்லார் முன்னாடியும் அது பொய்னு சொல்லணும்."

இந்தச் செய்தியைக் கேட்டதும் தையற்காரர் மெஷினை நிறுத்திவிட்டு எழுந்தே நின்றுவிட்டார். "நாற்பத்து மூணுமா? அப்படின்னா நான் வீட்டுக்குள்ள காலை நீட்டிப் படுக்கலாமா?"

"மனுஷனா நீங்க? ஒருத்தி பொழப்பே போயிட்டிருக்கு!"

"தெரியும்டி. அதான் ரெண்டு பக்கமும் லாபம்னு மனசைத் தேத்திக்கறேன்."

அந்த வருடம் வானத்துக்கும் மரக்கடைக்காரரோடு ஏதோ உறவு போலிருந்தது. முதல் நாள் சுள்ளென்று வெயில். இரண்டாம் நாளும். மூன்றாம் நாள் மேகம் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. ஏழாவது ஜாடி எலும்புபோலக் காய்ந்து கிடந்தது. அக்கா காலையில் தடவினாள், மதியம் தடவினாள், சாப்பிடும்போது இடக்கையால் தடவினாள். நெட்டை தினமும் வந்து வாசலில் நின்று, அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டுப் போவாள். ஐந்தாம் நாள் தையற்காரர் கேலி செய்வதை நிறுத்திவிட்டார். அது அக்காவுக்கு இன்னும் பயமாக இருந்தது.

ஆறாம் நாள் அவள் ஒரு மீட்டர் குழிக்குள் குனிந்திருந்தபோது, கழுத்தில் அளவுநாடா தொங்கத் தையற்காரர் தெருவில் ஓடிவந்தார்.

"ஏய், ஏழாவது! ஏழாவது வேர்த்துடுச்சு!" அவர் கையில் ஒரு பாவாடைத் துணி. ஓரம் நனைந்திருந்தது. "யாரோட துணின்னு கேக்காத. அதை அப்புறம் பாத்துக்கலாம்."

அக்கா, தையற்காரர் பின்னாலேயே வர, நெட்டையைக் கூப்பிட்டுக்கொண்டு, பக்கத்து வீட்டு அம்மாக்கள் இரண்டு பேரையும் வாசலில் நின்று குரல் கொடுத்து அழைத்துக்கொண்டு போனாள். வெயில் இன்னும் முழுதாகப் போகவில்லை. மரக்கடைக்காரர் வானத்தைப் பார்த்துச் சிரித்தார்.

"இன்னிக்கா? ஜோசியம் பலிக்குமா?"

"இது ஜோசியம் இல்லைங்க. தப்பா இருந்தா தப்புன்னு ஒத்துக்கற சங்கதி. முதல்ல நீங்களே உள்ள போங்க. நாங்க நிலைக்கு இந்தப் பக்கம் நிக்கறோம்."

அவர் இடுப்பிலிருந்து சாவியை எடுத்துத் திறந்தார். உள்ளே போனார். மேடைக்கு முன்னால் நின்றார். வெளியே எல்லோரும் கழுத்தை நீட்டினார்கள். பறவையின் வயிற்றிலிருந்து தொடங்கி, ஜாடி முழுக்க முத்து முத்தாக நீர். மேடையில் ஒரு வளையம் ஈரம்.

"சொல்லுங்க ஐயா" என்றாள் அக்கா. "பூட்டின ரூம். சாவி உங்க இடுப்புல. இப்ப முன்னாடி நிக்கறது நீங்க ஒருத்தர்தான். இது யாரைப் பாத்து அழுவுது?"

மரக்கடைக்காரர் சாவியையும் ஜாடியையும் மாறி மாறிப் பார்த்தார்.

முதலில் சிரித்தது அவர் மனைவிதான். "நேத்து மரக்கடையில இனிப்பு எதுவும் சாப்பிடலைன்னு எங்கிட்ட சத்தியம் பண்ணீங்களே!"

பக்கத்து வீட்டு அம்மாக்கள் புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டார்கள். தையற்காரர் அதைக்கூடச் செய்யவில்லை, வாய்விட்டே சிரித்தார். நெட்டை மட்டும் சிரிக்கவில்லை. அவள் உள்ளே வந்து, ஜாடியைத் தொடாமல், அருகில் குனிந்து பார்த்தாள்.

"அப்ப அன்னிக்கு என் கை இல்லாமலே அழுதிருக்கும்" என்றாள் மெதுவாக.

மரக்கடைக்காரர் சொல்லவேண்டியதைச் சொன்னார். முனகித்தான் சொன்னார். "கேக்கலை" என்றாள் அக்கா. மறுபடியும், தெருவுக்குக் கேட்கும்படி சொன்னார். மூன்று வீட்டு வேலையும் நெட்டைக்குத் திரும்ப வந்தது.

"ரெண்டு வீட்டுக்கு நாளைக்கே வரேன்" என்றாள் அவள். "இந்த ஜாடி இருக்கற வீட்டுக்கு வரமாட்டேன்."

மரக்கடைக்காரருக்கு இப்போது அந்த ஜாடியைப் பார்க்கவே பிடிக்கவில்லை. அக்காவைப் பார்த்து, "ஆறு வருஷமா கேட்டியேம்மா. தூக்கிட்டுப் போ" என்றார்.

அக்காவின் இரண்டு கைகளும் அவளைக் கேட்காமலேயே ஜாடியின் காதுகளைப் பிடித்துவிட்டன. தட்டினாள். டொக். ஆனால் அந்தப் பறவை! அடிவிளிம்பில் விரலை ஓட்டினாள். தடம் இருந்தது, சின்னது, பெண்ணின் விரலாக இருக்கவேண்டும். பிறகு கையை எடுத்துவிட்டாள்.

"இதை வெச்சு அழ வெச்சது இவளைங்க. இவளைக் கேளுங்க."

எல்லோரும் நெட்டையைப் பார்த்தார்கள். அவள் அதை அப்படியே அக்காவிடம் கொடுத்துவிடுவாள் என்று நினைத்தார்கள். அக்காவும் அப்படித்தான் நினைத்தாள், பொய் எதற்கு.

நெட்டை கொஞ்சம் யோசித்தாள். "கோச்சுக்காதக்கா. எனக்கே இருக்கட்டும்" என்றாள். "இது எங்க வீட்டுக்கு வந்துட்டா, இனி எனக்கு மூணு வீட்டுத் துணி காயப்போடணும்."

இப்போது அந்த ஜாடி நெட்டையின் வாசலில், துணிக்கொடிக்குப் பக்கத்தில் நிற்கிறது. அது வியர்த்தால் அவள் துணியை எடுத்துவிடுவாள். தெருவில் குடை எடுத்துக்கொள்வதற்கு முன் எல்லோரும், "நெட்டை, ஜாடி என்ன சொல்லுது?" என்று கேட்டுவிட்டுத்தான் கிளம்புகிறார்கள். அக்கா அந்தப் பக்கம் அளவெடுக்கப் போகும்போதெல்லாம் ஒரு நிமிடம் குந்தி, அடியில் இருக்கும் அந்த விரல் தடத்தில் தன் விரலை வைத்துவிட்டு எழுகிறாள். அவளுடைய வீட்டு முன்னறையில் நாற்பத்து நான்காவதற்காக ஒதுக்கிய இடத்தில் தையற்காரர் காலை நீட்டிக்கொள்கிறார்.

வெள்ளிக் கரண்டியா? இரண்டு மாதம் கழித்து, மாப்பிள்ளை வீட்டிலிருந்து திருப்பி அனுப்பிய ஒரு பாத்திரத்துக்குள் வந்து சேர்ந்தது. மாப்பிள்ளையை யாரும் எந்த ஜாடிக்கு முன்னாலும் நிறுத்தவில்லை.

ஆனால் மழைக்காலத்தில் தினமும் காலையில் மரக்கடையிலிருந்து ஓர் ஆள் நெட்டையின் வாசலுக்கு வருகிறார். "அறுத்த பலகையை இன்னிக்கு வெளியில அடுக்கலாமான்னு முதலாளி கேக்கச் சொன்னாரு" என்கிறார்.

நெட்டை ஜாடியைத் தடவிப் பார்த்து, நிதானமாகத்தான் பதில் சொல்கிறாள்.