சேற்றோடு போய் வாங்கிய காந்தம்

"டக்" என்று ஒரு சத்தம். சேற்றுக்குள்ளே இரும்பும் காந்தமும் கவ்விக்கொள்ளும்போது, காதுக்குக் கேட்கும் முன்பே கயிறு வழியாக உள்ளங்கைக்கு வந்து சேருகிற சத்தம் அது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஆனாலும் பதுளையில் மோட்டாருக்குக் கம்பி சுற்றுகிற கடையை, கல்லும் மணலும் நானே சுமந்து கட்டினேன், மூன்று தேயிலைத் தோட்டங்களுக்குத் தண்ணீர் பம்பு பூட்டிக் கொடுத்தேன், கரண்ட் வராத தொழிலாளர் லயத்து வீடுகளுக்கு ஓடைத் தண்ணீரில் சக்கரம் சுற்றவிட்டு விளக்கெரித்தேன், படித்த எஞ்சினியர்மார் இனி ஓடாது என்று கைவிட்ட மோட்டார்களை ஓடவிட்டிருக்கிறேன். இத்தனைக்கும் தொடக்கம் எதுவென்று கேட்டால், பதினொரு வயதில் நானே பார்த்துப் பொறுக்கி வாங்கிய ஒரு காந்தம்தான்.

இப்போது கடைக்கு வருகிறவர்கள் போனில் படம் காட்டி, "ஐயா, பிள்ளைக்கு மெட்டல் டிடெக்டர் ஒண்ணு வாங்கணும், வெல கொறஞ்சதுல எது நல்லம்?" என்று கேட்கிறார்கள். நீளக் கம்பி, கலர் விளக்கு, பீப் பீப் என்று கத்தல். நான் படத்தைப் பார்ப்பதே இல்லை. "பிள்ள எந்த மண்ணுல தேடப் போகுது? மொதல்ல அந்த மண்ணுல ஒரு பிடி கொண்டாங்க" என்பேன். சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும், நான் அப்படித்தான் வாங்கினேன்.

லுணுகலைக்கு மேலே இருந்த எங்கள் தோட்டத்தில் அப்பா கவ்வாத்து வெட்டுகிறவர். முற்றிய தேயிலைச் செடியை முழங்கால் உயரத்துக்குச் சீவி விடுகிற வேலை அது. கிளை பிளக்காமல், பட்டை கிழியாமல், ஒரே வீச்சில் விழ வேண்டும். அப்பா வெட்டிய மலையைத் தோட்டத்தை நடத்தும் துரையே ஜீப்பை நிறுத்திப் பார்த்துவிட்டுப் போவார். ஐப்பசி மழைக் காலத்தில் ஒருநாள், கை கழுவுவதற்காகக் கத்தியைக் "கான்" கரையில் வைத்திருக்கிறார். மலைத் தண்ணீரை வடிக்க வெட்டிய வாய்க்காலைத்தான் நாங்கள் கான் என்போம். திடீரென்று மழை கொட்ட, கரையே சரிந்து கானுக்குள் விழுந்து, கத்தி போன இடம் தெரியவில்லை. இரண்டு நாள் மண்வெட்டியால் வழித்துப் பார்த்தார். வழிக்க வழிக்க மேலேயிருந்து சேறு வந்து நிறைந்தது.

கத்தி தோட்டத்துச் சொத்து. வெள்ளிக்கிழமை காலைப் "பெரட்டில்", வேலைக்கு ஆள் பிரிக்கிற அந்தக் கூட்டத்தில், எல்லார் முன்னாலும், வேலை வாங்கும் கணக்கப்பிள்ளை கேட்டார்:

"கத்திய கான் முழுங்கிருச்சா, இல்ல லுணுகல கடக்காரன் முழுங்கிட்டானா?"

"சத்தியமா கான்லதாங்க கெடக்கு" என்றார் அப்பா.

"அப்ப எடுத்துட்டு வா. திங்கக்கெழம பெரட்டுல கத்தி இல்லேனா கவ்வாத்துல ஒனக்குப் பேரில்ல. கள்ளனுக்கு நான் கத்தி குடுக்க மாட்டேன்."

அன்று அப்பா சோற்றில் கை வைக்கவில்லை. அம்மா மஞ்சள் துணியில் காசு முடிந்து, கத்தி கிடைத்தால் சேவல் தருகிறேன் என்று முனியாண்டிக்கு நேர்ந்துகொண்டாள். எனக்கு வேறு ஒன்று ஞாபகம் வந்தது. அம்மா வேலை செய்த "ஸ்டோரில்", அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், தூளில் கலந்திருக்கும் இரும்புத் துணுக்கை இழுத்தெடுக்க ஒரு காந்தம் வைத்திருப்பார்கள். தூளில் இழுக்கிறது சேற்றில் இழுக்காதா?

சனிக்கிழமை, கொய்யாப்பழம் விற்றுச் சேர்த்த காசில், பஸ் காசு போக இரண்டு ரூபாயோடு பதுளைக்கு பஸ் ஏறினேன். ஏறும் முன் ஒரு வேலை செய்தேன்: கானிலிருந்து இரண்டு கை சேறு அள்ளி, அதற்குள் ஓர் ஆணியைப் புதைத்து, சேம்பிலையில் பொதிந்து எடுத்துக்கொண்டேன். யாரும் சொல்லித் தரவில்லை, என் மூளை!

எல்லாரும் நானா, அதாவது அண்ணன், என்று கூப்பிடும் இரும்புக்கடை சாலியிடம் காந்தம் கேட்டதும், சிவப்புச் சாயம் பூசிய லாடக் காந்தத்தைப் பெட்டியோடு எடுத்து வைத்தார். அழகென்றால் அப்படி அழகு. நான் பொதியைப் பிரித்தேன்.

"யா அல்லாஹ்! மேச முழுக்க சேறு! என்ன மகன் இது?"

"இதுக்குள்ள ஆணி இருக்குங்க நானா. எது இழுக்குதோ அதத்தான் வாங்குவேன்."

நானா கோபத்தை மறந்து குனிந்துவிட்டார். சிவப்புக் காந்தத்தைச் சேற்றின் மேல் வைத்தேன், அசையவில்லை. பள்ளிக்கூடத்துக்கு விற்கிற கட்டைக் காந்தம், அதுவும் இழுக்கவில்லை. அப்புறம் அவரே பழைய ரேடியோச் சாமான் தகரத்தைக் கவிழ்த்து, உடைந்த ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய ஒரு கறுப்பு வளையத்தை எடுத்தார். ஓரம் சில்லுப் பெயர்ந்திருந்தது. அதை வைத்ததும் சேறு புடைத்தது, ஆணியின் முனை வெளியே வந்தது.

"நாப்பது வருஷமா யாவாரம் பண்றேன், மண்ணோட வந்து சாமான் வாங்குற ஆள இப்பத்தான் பாக்குறேன்" என்று சொல்லி, இரண்டு ரூபாயில் ஒரு ரூபாயைத் திருப்பித் தந்தார். தங்கமான மனுஷன். சரக்கையும் தெரியும், ஆளையும் தெரியும்.

ஞாயிறு விடிந்ததும் வளையத்தைக் கயிற்றில் கட்டிக் கானில் இழுத்தேன். "டக்", மீன் டின் மூடி. "டக்", லாடத் துண்டு. "டக்", உடைந்த மண்வெட்டிப் பாதி. ஒவ்வொரு தரமும் நெஞ்சு எகிறி, ஒவ்வொரு தரமும் விழுந்தது. மதகு வளைவில் ஒரு "டக்", இழுத்தால் கழன்றுகொண்டது. திரும்பப் போட்டேன், அதே இடத்தில் அதே "டக்". மூன்றாம் தரம் கயிற்றை விட்டுவிட்டு, தோள் முட்டும் வரை கையைச் சேற்றுக்குள் விட்டேன். விரலில் மரப்பிடி தட்டுப்பட்டது.

நான் கத்திய சத்தத்துக்கு ஓடிவந்த அப்பா கத்தியைப் பார்த்தார். பிறகு காந்தத்தைப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. "இத யாருகிட்டயும் காட்டாத" என்றார்.

மறுநாள் பெரட்டில் கணக்கப்பிள்ளை கத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "எப்புடி கெடச்சிச்சு?" என்றார். பெரட்டுக்களத்து ஓரத்தில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன்.

"முனி காட்டுனாருங்க" என்றார் அப்பா.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. வீட்டுக்கு வந்து சண்டை போட்டேன். அப்பா மெதுவாகச் சொன்னார்: "காந்தம்னு சொன்னா, கத்திய விட்டுட்டு காந்தத்த புடிச்சிக்குவாங்கடா. இந்தத் தோட்டத்துல ஸ்டோர்ல மட்டுந்தான் காந்தம் இருக்கு. அப்பன் கள்ளன்னு சொன்னவன் மவனையும் சொல்லுவான்." எழுத்தறியாத மனிதர், அந்த ஒரு நொடியில் இத்தனையையும் யோசித்திருக்கிறார். அந்த மூளைதான் எனக்கு வந்திருக்கிறது.

சேவல் முனிக்குப் போனது, பெயரும் முனிக்கே போனது. வளையத்தைத் தகரத்தில் போட்டு மண்ணெண்ணெய் விளக்குக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன். இன்றைக்கு அது என் கடை மேசையில் இருக்கிறது. சாலி நானாவின் கடை இருந்த இடத்தில் இப்போது போன் விற்கிறார்கள். அந்தக் கான் ஆளுயர மானாப்புல்லுக்குள் மறைந்துவிட்டது. ஸ்டோரின் தகரங்களைக் கழற்றி விற்றுவிட்டார்கள். ஆனால் ஒவ்வொரு வருஷமும் கோயில் திருவிழாவில், நான் வாங்கிக் கொடுத்த மைக்கில், முனி கத்தியைக் காட்டிய கதையைச் சொல்கிறார்கள்.

முனி காட்டவில்லை என்று நான் சொல்லமாட்டேன், நானும் கும்பிடுகிறவன்தான். ஆனால் களவென்று சொல்ல இனிக் கணக்கப்பிள்ளையும் இல்லை, ஸ்டோரும் இல்லை, அப்பாவின் பயத்துக்கும் வேலையில்லை. ஆகவே கோயில் கமிட்டிக்காரர்களே, வருகிற திருவிழாவில் கதையைச் சொல்லும்போது, சேற்றோடு பதுளைக்குப் போய் அந்தக் காந்தத்தைப் பொறுக்கி வாங்கி வந்தவன் கவ்வாத்துக்காரர் மகன் காளிமுத்து என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். மைக்கில், சத்தமாக.