வயர் அக்கா அனுப்பிய நாற்பது மணி நேரம்

பக்கத்து மேசைக்காரர் டீ குடிக்கப் போன நேரம் பார்த்து, அவர் கணினியில் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்த வகுப்பு வீடியோவை எட்டி நிறுத்துகிறார் வயர் அக்கா. கணினியைப் பூட்டாமல் எழுந்து போனது மேசைக்காரர் தப்பு.

"மூணு தடவை 'இருக்கீங்களா'ன்னு கேட்டுச்சு. ஆள் இல்லன்னு சொல்லிட்டேன்," என்பார், திரும்பி வருகிறவரிடம்.

பெரிய மருத்துவமனை ஒன்றின் கணினிகளைத் திருடர்களிடமிருந்து காக்கும் பிரிவுக்கு அக்காதான் மேலாளர். அந்த நாற்காலிக்கு ஒரு சான்றிதழ் வேண்டும். அது செல்லுபடியாக, ஆண்டுக்கு நாற்பது மணி நேரம் எதையாவது கற்றதாகக் காட்ட வேண்டும். ஊரே வீடியோவை ஊமையாக்கி ஓட விட்டு, திரை கேட்கும்போதெல்லாம் ஒரு தட்டு தட்டிவிட்டு வேறு வேலை பார்க்கிறது. அக்காவுக்கு அதைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும்.

இந்த ஆண்டு திருடர்கள் புகுந்து ஆய்வகக் கணினிகள் ஒவ்வொன்றாக முடங்கியபோது, மற்றவற்றுக்கும் பரவாமலிருக்க, யாரிடமும் கேட்காமல் ஓடிப்போய் நெட்வொர்க் வயரை உருவியவர் அவர். பெயர் அன்றுதான் ஒட்டிக்கொண்டது. ரத்தப் பரிசோதனை முடிவுகளைத் தாளில் எழுதி மாடி மாடியாக அனுப்பிக்கொண்டே ஐந்து நாளில் எல்லாவற்றையும் மீட்டார். பிறகு எங்கே சறுக்கினோம் என்று பத்தொன்பது பக்கம் எழுதினார். அவசரத்தில் மருந்துக் கிடங்கின் வயரையும் சேர்த்துப் பிடுங்கிவிட்டதை அதில் மறைக்கவில்லை. அதையே தன் நாற்பது மணி நேரமாகச் சான்றிதழ் வாரியத்துக்கு அனுப்பினார். 'வேலை செய்வது கற்றல் ஆகாது' என்று திரும்பி வந்தது. மறுபடி அனுப்பினார், மறுபடி வந்தது.

வெள்ளிக்கிழமை கெடு. தவறினால் சான்றிதழ் போகும், கூடவே நாற்காலியும்.

"எதுக்குக்கா இந்த வீம்பு? நாலு வீடியோவை ஓட விடுங்க, வேலை முடிஞ்சுது," என்றார் பக்கத்து மேசைக்காரர்.

"லேப் முடங்கினப்போ அந்த சர்டிபிகேட்டை வெச்சு விசிறிக்கவா முடிஞ்சுது? அது வேணாம்னு நான் சொல்லலப்பா. உருப்படியா இருக்கணும்னுதான் மல்லுக்கு நிக்கிறேன்."

வியாழன் மதியம் வாரிய அதிகாரியே அழைத்தார். "ரூல்னு ஒண்ணு இருக்கே மேடம். எல்லாரும் பண்ற மாதிரி பண்ணிடுங்களேன்."

"எல்லாரும் என்ன பண்றாங்கன்னு எழுத்துல குடுங்க சார். அப்படியே பண்றேன்."

எதிர்முனை போனை வைத்தது.

அக்காவுக்குப் பயமே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். பதினான்கு வருட உழைப்பு அந்த நாற்காலி. ஆனாலும் பழைய பத்தொன்பது பக்கத்தையே திறந்தார். இருபதாம் பக்கம் ஒன்றைச் சேர்த்து, வாரியத்தின் தேர்வுத்தாள் பாணியிலேயே தட்டச்சு செய்தார்:

'நோயாளி அறுவை மேசையில். ஆய்வகக் கணினிகள் ஒவ்வொன்றாக முடங்குகின்றன. மேலதிகாரி போனை எடுக்கவில்லை. முதலில் என்ன செய்வீர்கள்?'

கீழே அ, ஆ, இ, ஈ என்று போட்டார். நான்குக்கும் எதிரே, விடையை வாரியமே எழுதட்டும் என்று இடத்தைக் காலியாக விட்டுவிட்டு, அனுப்பினார்.