எலும்பும் முள்ளங்கியும்

முன்வரிசையில் தொடங்கி ஒவ்வோர் இருக்கையாக ஈரத்துணியால் துடைத்துக்கொண்டு வந்தார் தெய்ஜி. ஆணும் ஆணும் காதலிக்கிற படுக்கையறைப் படங்கள் ஓடும் கொட்டகை. இங்கே துடைக்கிறவருக்கு அருவருப்பு கட்டுப்படியாகாது. ஒசாகாவில் இந்த மாதிரிக் கொட்டகைகள் ஒவ்வொன்றாக மூடியபின் இது மட்டும் மிச்சம். படம் ஓட்டுவதும் கூட்டிப் பெருக்குவதும் அவரேதான்.

இன்று துணி கிழிகிற மாதிரி தேய்த்தார். கூடவே வாழ்ந்த ரிக்கியோவை எரித்து ஒரு வாரம்கூட ஆகவில்லை.

சீட்டுக் கிழிக்கும் மினே எட்டிப்பார்த்தாள். "தெய்ஜி, கறுப்பு கிமோனோல ஒரு அம்மா வந்திருக்காங்க. படம் பாக்க வந்த மூஞ்சியாத் தெரியல. வாசல்ல நிக்கிற கிழடுங்கல்லாம் போலீஸுன்னு நெனச்சு சந்துக்குள்ள ஒதுங்குதுங்க."

"போலீஸா இருந்தாத் தேவலையே. ரிக்கியோவோட அக்கா. ஆபீஸ் ரூம்ல உக்காரச் சொல்லு."

ரிக்கியோ இந்த வகையில் நடித்தது ஒரே படம். அதன் படப்பிடிப்பில் விளக்குப் பிடித்தவர் தெய்ஜி. படுக்கைக் காட்சிகள் போதுமான அளவு வந்துவிட்டால் நடுவில் என்ன எழவை வேண்டுமானாலும் காட்டிக்கொள் என்று இயக்குநரை விட்டிருந்தார் தயாரிப்பாளர். இயக்குநர் எழவையேதான் காட்டினார். காதலன் செத்துப்போகிறான். சுடுகாட்டு வாசலில் உறவுக்காரர்கள் ரிக்கியோவைத் திருப்பி அனுப்புகிறார்கள். வீட்டுக்கு வந்தவன் செத்தவனின் சட்டையை முகத்தில் போட்டுக்கொண்டு தனியே கிடந்து தவிக்கிறான். அது அழுகையா ஆசையா என்று பிரிக்க முடியாது. அந்த இடத்தில் கொட்டகை அசைவில்லாமல் போகும். இருட்டில் யாராவது மூக்கை உறிஞ்சுவார்.

படப்பிடிப்பு முடிந்து சாப்பிடும்போது தெய்ஜி சாப்பாட்டுக் குச்சிகளால் எடுத்த முள்ளங்கித் துண்டின் மறுமுனையை ரிக்கியோ தன் குச்சிகளால் பிடித்தான். தெய்ஜி பதறிப்போனார். எரித்த எலும்பைத்தான் உறவுக்காரர் இரண்டு பேர் சேர்ந்து அப்படிப் பொறுக்கிக் கலயத்தில் போடுவார்கள். சாப்பாட்டில் செய்தால் கையிலேயே அடி விழும்.

"பயப்படாதய்யா. என் எலும்பப் பொறுக்குற அன்னிக்கு உன்ன உள்ள விடமாட்டாங்க. இப்பவே பொறுக்கிக்க."

பிறகு அதுவே அவர்கள் வீட்டு விளையாட்டாகிப்போனது.

அவன் சொன்னபடியேதான் நடந்தது. "குடும்பத்தார் மட்டும்" என்று அக்கா புருஷன் சுடுகாட்டுக் கதவில் கையை நீட்டி மறித்தான். ஆஸ்பத்திரியிலோ, கதவு திறக்கும்போதெல்லாம் "அக்கா வந்துட்டாளா?" என்று கேட்டுக் கேட்டே அடங்கியவன் ரிக்கியோ. தெய்ஜி அவள் வீட்டுக்குத் தொலைபேசியில் கூப்பிட்டபோதெல்லாம் மறுமுனையில் இணைப்பு துண்டிக்கப்பட்டது.

அலுவலக அறையில் அக்கா ஃபுசாயே உட்காராமல் நின்றுகொண்டே இருந்தாள். மேசைமேல் ரிக்கியோ நடித்த அந்தப் படத்தின் சுருள் டப்பா.

"நாப்பத்தொன்பதாம் நாள் காரியத்துக்கு ஊர்லேர்ந்து ஆளுங்க வருவாங்க. அதுக்குள்ள அந்தப் படத்தக் குடுத்துடுங்க."

"எதுக்குக்கா? அதையும் எரிக்கவா?"

"அக்கான்னு கூப்பிடாதீங்க."

"வீட்ல ரெண்டு பேரும் அப்படித்தான் சொல்லுவோம். பழகிப்போச்சு."

"அவன் அதுல துணியில்லாம..."

"அழவும் செய்யறான். அது கண்ணுல படலையா?"

"என் வீட்டுக்காரர் எங்கேயோ கேசட் புடிச்சிட்டு வந்து எனக்குப் போட்டுக் காட்டினார். பாரு உன் தம்பி லட்சணத்தைன்னு. பாதியில எழுந்துட்டேன்."

தெய்ஜி டப்பாவை அவள் பக்கம் நகர்த்தினார். "எடுத்துக்கோங்க. பதிலுக்கு ஒரு எலும்பு குடுங்க. நகத்தளவு போதும்."

"அதெப்படி? அப்பா அம்மாகூட ஒரே கல்லறையில வைக்கணும்."

"வெளிய தள்ளினதே அவங்கதானே? செத்தப்புறம் உள்ள வாடான்னு கூப்பிடுறாங்களாக்கும்! உங்ககூடச் சேந்து பொறுக்கினது யாரு?"

"என் வீட்டுக்காரர்."

"அவன் பேரச் சொன்னா வாய் கழுவுற மனுஷன்! அந்தாளு குச்சி அவன் எலும்பத் தொட்டிருக்கு. நான் வெளிய வண்டி நிறுத்துற இடத்துல டிரைவருங்களோட நின்னுட்டிருந்தேன். எலும்பு உண்டா இல்லையா?"

"முடியாது."

டப்பாவைத் திரும்ப இழுத்துக்கொண்டார். "அப்ப இன்னிக்கு ஓடப்போறது இதுதான். நாளைக்கும் இதுதான். ஊர்க்காரங்களையும் கூட்டிட்டு வாங்க."

ஃபுசாயே மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். குரல் இறங்கிவிட்டது.

"கடைசியில அவன்... என்னக் கேட்டானா?"

'கேட்டான்' என்று ஒரு சொல் போதும். ஆனால் கதவில் நீண்டிருந்த அந்தக் கை நினைவுக்கு வந்தது.

"சொல்லுங்க. கேட்டானா?"

தெய்ஜி டப்பாவைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு படம் ஓட்டும் அறைக்குப் போனார்.