எமில் கோவாலிக் எடுத்த முதல் ஆள்

எமில் கோவாலிக் அளவுக்குப் பிடிவாதக்காரன் மொனோங்கஹேலா ஆற்றின் இந்தக் கரையிலும் கிடையாது, அந்தக் கரையிலும் கிடையாது. முப்பத்தொரு வருடம் ஒரே ஆளைத்தான் எடுத்தான். வேறு யாரையாவது எடுத்துத் தொலையேன் என்று கெஞ்சியும் பார்த்தார்கள், கேலி பண்ணியும் பார்த்தார்கள். ம்ஹூம்.

பிப்ரவரி இரண்டாம் ஞாயிறு, பூசை முடிந்ததும், ஸ்லோவாக் சங்கத்தின் கீழ்த்தளத்தில் மூன்று பேர் கூடுவார்கள். எமில், வெல்டர் ஸ்டஷ், தபால்காரர் ருடி. மூவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் அடி வாங்கியவர்கள். மேசையில் ஒரு ஷூ பெட்டி. அதற்குள் பேஸ்பாலில் இதுவரை ஆடிய பெருந்தலைகள் எல்லாரும் ஆளுக்கொரு அட்டையாக இருப்பார்கள். செத்தவர், இருப்பவர் என்ற பேதம் கிடையாது. முறை போட்டு ஒவ்வொருவராக எடுத்து, ஆளுக்கு இருபத்தைந்து பேர் கொண்ட அணி கட்டி, பனி உருகி நிஜ ஆட்டம் தொடங்கும் வரை பகடை உருட்டி ஆடித் தீர்ப்பார்கள். இதற்கு ஏன் இவ்வளவு சண்டை என்று கேட்பவர்கள் எங்கள் ஊர்க்காரர்களாக இருக்க முடியாது.

யார் முதலில் எடுப்பது என்பதை மட்டை முடிவு செய்யும். ஒருவன் மட்டையைச் செங்குத்தாகப் பிடிப்பான், அடுத்தவன் அதற்கு மேல் பிடிப்பான், இப்படியே கைமேல் கையாக ஏறி, கடைசியில் பிடியின் குமிழ் எவன் கைக்குள் அடங்குகிறதோ அவனுக்கே முதல் ஆள். பள்ளிக்கூட மைதானத்தில் அணி பிரித்த அதே வழக்கம்.

முதல் முறை யாருக்கு வந்தாலும், பேஸ்பாலிலேயே பெரிய அடிகாரனான பேப் ரூத்தைத்தான் எடுப்பான். புத்தி உள்ளவன் அப்படித்தான் செய்வான். எமில் மட்டும் அதே அணியில் ரூத்துக்கு அடுத்து அடிக்க வரும் லூ கெரிக்கை எடுப்பான்.

"ஏன்டா, ரூத் அங்க உக்காந்து உன்னையே பாக்குறான், நீ பக்கத்து சீட்டுக்காரனக் கூப்பிடுற!" என்று ஸ்டஷ் தலையில் அடித்துக்கொள்வான்.

"ரூத் ராத்திரி எங்க தூங்குவான்னு யாருக்குத் தெரியும்? அணிக்கு நடுவுல நிக்கிறவன் காலைல எந்திரிச்சு வரணும். என் ஆளு ரெண்டாயிரத்து நூத்து முப்பது ஆட்டம், ஒரு நாள் விடாம வந்தான்."

"நீயும் உன் ஆளும் அட்டெண்டன்ஸ் புத்தகத்தக் கட்டிக்கிட்டு அழுங்கடா!"

அதில் ஒரு உண்மை இருந்தது. எமில் எஃகு ஆலையில் கிரேன் ஓட்டினான். ஆலையை மூடிக் கேட்டைப் பூட்டும் வரை பத்தொன்பது வருடத்தில் ஒரு ஷிப்டு தவறவில்லை. பகடையில் என்ன விழுந்தால் என்ன பலன் என்று ஒவ்வொரு அட்டையிலும் கட்டம் கட்டமாக அச்சடித்திருக்கும்; இரண்டு பகடையிலும் ஒன்று விழுந்தால் ஆடுபவனுக்குக் காயம், பத்து ஆட்டம் உட்கார வேண்டும். கெரிக் அட்டையில் மட்டும் அந்தக் கட்டத்தில் ஒன்றுமே அச்சடித்திருக்காது. எமில் அந்த வெற்றுக் கட்டத்தை ஊரெல்லாம் காட்டிக்கொண்டு திரிவான்.

போன செப்டம்பரில் எமிலின் கையிலிருந்து காபிக் கோப்பை விழுந்தது. பிறகு முட்கரண்டி. பிட்ஸ்பர்க்கில் டாக்டரம்மா நீளமாக ஒரு பெயர் சொன்னார். புருஷனும் பெண்டாட்டியும் விழிப்பதைப் பார்த்துவிட்டு, இந்த நாட்டில் எல்லாரும் சொல்லும் பெயரைச் சொன்னார். கெரிக் நோய். நரம்பு தளர்ந்து கை போகும், கால் போகும், பேச்சு போகும், கடைசியில் மூச்சு. மருந்து கிடையாது. கெரிக்கே அதில்தான் போனான், முப்பத்தேழு வயதில்.

திரும்பும்போது மனைவி லொரெட்டா காரை ஓட்டினாள். பாலம் வரும் வரை எமில் ஆற்றையே பார்த்துக்கொண்டு வந்தான். பிறகு, "என் ஆளு" என்றான். அவ்வளவுதான் சொன்னான். லொரெட்டா காரை ஓரம் கட்டிவிட்டு அரை மணி நேரம் அழுதாள்.

பிப்ரவரிக்குள் வலது கை செத்துவிட்டது, காலும் தாங்காமல் சக்கர நாற்காலி வந்துவிட்டது. நாக்கு தடித்து, பேச்சு கூழாகிவிட்டது. லொரெட்டாவுக்குப் புரியும், காது கொடுத்துக் கேட்டால் ஸ்டஷுக்கும் புரியும். "இந்த வருஷம் போக வேணாமே, எமில்" என்றாள் லொரெட்டா, அவனுக்குச் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே.

"போகணும். அவனுங்க வாயால திட்டு வாங்கணும்."

"திட்டு வாங்கவா இவ்ளோ தூரம்?"

"ஆறு மாசமா ஒருத்தனும் திட்டல, லோரி. பாதிரியார்லேருந்து பால்காரன் வரைக்கும் என்கிட்ட மெதுவாப் பேசுறான். ஸ்டஷ் ஒருத்தன் கத்தினாப் போதும்."

இதைச் சொல்லி முடிக்க அவனுக்கு வெகுநேரம் ஆயிற்று. அவளும் அவசரப்படுத்தாமல் நின்று கேட்டாள். அவனுக்கு வேண்டியதெல்லாம் அந்த ஒரு பிற்பகல்தான். அது மட்டும் பழையபடி இருந்துவிட்டால் போதும் என்றிருந்தது. சங்கத்தில் நாற்காலியோடு அவனைத் தூக்கி ஸ்டஷும் ருடியும் படியிறங்கினார்கள், லொரெட்டா பின்னாலேயே வந்தாள். மூச்சு வாங்கியபோதுகூட ஸ்டஷ் ஒரு கெட்ட வார்த்தை சொல்லவில்லை. எமிலுக்கு அப்போதே சுருக்கென்றது.

மேசையில் முட்டைக்கோஸ் நூடுல்ஸில் ஆவி பறந்தது, பீர் இருந்தது, ஷூ பெட்டி இருந்தது. மட்டை மட்டும் இல்லை. சுவரில் அது தொங்கும் ஆணி காலியாக இருந்தது.

"மட்டை?" என்றான் எமில்.

"அதுவா, எங்கயோ வெச்சுட்டேன்" என்றான் ஸ்டஷ், பெட்டியைப் பார்த்தபடி. "இந்த வருஷம் நீயே மொதல்ல எடு. எப்பவும் நாங்கதான எடுக்குறோம்."

அது அப்பட்டமான பொய். முப்பத்தொரு வருடத்தில் எமில் பதினோரு முறை மட்டையில் ஜெயித்திருக்கிறான். இடது கையால் இன்னும் பிடிக்க முடியும். வீட்டில் சப்பாத்திக் கட்டை போன்ற உருளையைப் பிடித்துப் பிடித்து ஒரு வாரம் பழகியிருந்தான். அதைச் சொல்ல வாயெடுத்து, சொல்லி முடிப்பதற்குள் ஆகும் நேரத்தை நினைத்து விட்டுவிட்டான். சரி, போகட்டும், முதல் ஆளை எடுக்கும்போது ஸ்டஷ் கத்துவான் என்று மனதைத் தேற்றிக்கொண்டான்.

பெட்டியில் அட்டைகள் அகரவரிசையில் இருக்கும். எமில் இடது கையால் தள்ளித் தள்ளிப் பார்த்தான். அந்த இடத்தில் அவன் ஆள் இல்லை. மறுபடி முதலிலிருந்து தேடினான். ருடி பீர் பாட்டிலின் காகிதத்தை நகத்தால் உரித்துக்கொண்டிருந்தார்.

"எங்க?" என்றான் எமில்.

"எது?" என்றான் ஸ்டஷ்.

"என் ஆளு எங்கடா?"

ருடிக்குத் தாங்கவில்லை. "குடுத்துரு, ஸ்டஷ். நான்தான் அப்பவே வேணாம்னேன்."

ஸ்டஷ் சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்தான். அவன் காது மடல் சிவந்திருந்தது. "அதப் பாத்தா உனக்குக் கஷ்டமா இருக்குமேன்னு... தப்பா எடுத்துக்காத, எமில்."

எமில் அட்டையை வாங்கி மேசையில் வைத்தான். வெற்றுக் கட்டம் அப்படியே இருந்தது. உள்ளுக்குள் அவன் கெஞ்சிக்கொண்டிருந்தான். கத்துடா. பக்கத்து சீட்டுக்காரன்னு சொல்லுடா. நான் இன்னும் இங்கதான இருக்கேன். நாக்கைத் திரட்டி, கூழாகிவிடாமல், அந்தப் பெயரை முழுதாகச் சொன்னான்.

"லூ. கெரிக்."

ருடி பென்சிலை எடுத்துத் தாளில் எழுதினார். ஸ்டஷ் எமிலின் தோளில், கண்ணாடிப் பாத்திரத்தைத் தொடுவது போலக் கை வைத்தான்.

"நல்ல ஆளு, எமில்" என்றான் மெதுவாக. "ரொம்ப நல்ல ஆளு."

"ஆமா, இவன வெச்சுத்தான் அணி கட்டணும்" என்றார் ருடி.

எமில் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். முப்பத்தொரு வருடம் அவர்கள் அவனோடு சண்டை போட்டார்கள். இப்போது ஒத்துக்கொண்டுவிட்டார்கள். செத்தவனோடுதான் யாரும் சண்டை போடமாட்டார்கள். அழ வாயைத் திறந்தான், சிரிப்பு வந்தது.

அந்த நோய் செய்யும் கொடுமைகளில் அதுவும் ஒன்று. அழுகை வரும் இடத்தில் சிரிப்பைத் தள்ளிவிடும், பிறகு நிறுத்த விடாது. இரண்டு வாரமாக வீட்டில் இப்படி நடக்கிறது. லொரெட்டாவுக்குத் தெரியும், வேறு யாருக்கும் தெரியாது. எமில் தோள் குலுங்க, எச்சில் ஒழுக, ஹோ ஹோவென்று சிரித்தான்.

ஸ்டஷ் முகத்தில் உயிர் வந்தது. "பாத்தியா, பாத்தியா! எப்படிச் சிரிக்கிறான் பாரு!" என்று தானும் சிரிக்கத் தொடங்கினான். ருடியும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சேர்ந்துகொண்டார். எத்தனை மாதமாக அடைத்துவைத்த சிரிப்போ, மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள்.

"நாங்க பயந்துக்கிட்டே இருந்தோம், லொரெட்டா" என்றான் ஸ்டஷ். "இவன் சந்தோஷமா இருக்கான். இனிமே எல்லா ஞாயித்துக்கிழமையும் கூட்டிட்டு வா."

எமில் அவளையே பார்த்தான். சொல்லிவிடு என்று கண்ணால் கேட்டான். அவளும் வாயெடுத்தாள். ஸ்டஷின் மலர்ந்த முகத்தைப் பார்த்தாள். பிறகு கைக்குட்டையால் எமிலின் வாயைத் துடைத்துவிட்டு, "சரி, வரோம்" என்றாள்.

"அடுத்தது நானு" என்றான் ஸ்டஷ், சிரிப்பு அடங்காமலே, பெட்டிக்குள் கைவிட்டு ரூத்தை எடுத்தபடி. எமில் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தான்.