ஏழு மூன்றும் ஓர் ஒன்றும்

மேல்மலையனூர் அமாவாசைக்கு ஆட்களை ஏற்றிப் போன எங்கள் வேன், செஞ்சிக்குத் திரும்பும் வழியில் நெரிசலில் மாட்டிக்கொண்டது. ஓட்டியவர் என் கணவர். பக்கத்தில் நான். அரிசி ஆலையில் பில் போடுவது என் வேலை, கல்லூரியில் படித்ததோ கணிதம். பொழுது போகாமல் கைப்பேசியில் 31, 331, 3331 என்று தட்டினேன். மூன்றுமே பகா எண்கள் என்று அவரிடம் சொன்னேன்.

"அப்டின்னா இன்னா?" என்றார்.

"ஒன்னாலயும் அதே எண்ணாலயும் தவிர வேற எதாலயும் மீதி இல்லாம வகுக்க முடியாதுங்க."

முன்னால் இன்னொரு மூன்றைச் சேர்த்து 33331 ஆக்கினோம். அதுவும் உடையவில்லை.

"அப்போ இது இப்டியே போய்க்கினே இருக்கும்."

"அதெப்படி? கணக்குல அப்டி நம்பக் கூடாது."

"பாத்துடலாம் வா!"

அந்தப் பேச்சு வீட்டுக்கும் வந்தது. 333331, 3333331 இரண்டும் நின்றன. அடுத்தது 33333331, ஏழு மூன்றும் ஓர் ஒன்றும். ஓர் எண் இரு எண்களின் பெருக்கலாகப் பிரிந்தால், சின்ன பாகம் அதன் வர்க்கமூலத்தைத் தாண்டாது. அதனால் 5773 வரையிலான பகா எண்களால் வகுத்தால் போதும். அவை எவை என்று இணையத்தில் எடுத்துக்கொண்டேன். விடையையும் அங்கேயே தேடியிருக்கலாம், மனசு வரவில்லை. சின்னவை அவருக்கு, பெரியவை எனக்கு. சாப்பாட்டு நேரத்தில் நான் ஆலையில் வகுப்பேன். சவாரிக்குக் காத்திருக்கும்போது அவர் வகுப்பார். ஒவ்வொரு முறையும் புள்ளிக்குப் பின்னால் எண்கள் நீளும். வாரங்கள் போயின. ஒருநாள் கடைசி எண்ணும் தோற்றது. பகா எண்தான்! ஆலையிலேயே கைதட்டிவிட்டேன். எடைபோடுகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அவருக்கு மட்டும் திருப்தியில்லை. தன் பங்கை மறுபடி சரிபார்க்கிறேன் என்று ஆரம்பித்தார். மறுநாளே போன்.

"ஏம்மே, ஒடைஞ்சி போச்சி! பதினேழுல போவுது! புள்ளியே இல்ல!"

உடனே நானும் பதினேழால் வகுத்தேன். மீதி வந்தது.

"எவ்ளோ வந்திச்சி உங்களுக்கு? படிங்க."

"ஒன்னு, ஒம்போது, ஆறு, சைபர், ஏழு, எட்டு, நாலு, மூணு."

புள்ளிக்கு முன்னால் எனக்கு வந்ததைவிட ஓர் இலக்கம் கூடுதல்.

"நீங்க தட்டுனதுல மூணு எத்தினி?"

ஒவ்வொன்றாக எண்ணுவது கேட்டது.

"எட்டு. ஒன்னு ஜாஸ்தியா தட்டிட்டேன் போல. தப்பா பூட்ச்சி."

"தப்பில்லீங்க! அதான் அடுத்த எண்ணு!"

பதினேழையும் 19607843-ஐயும் பெருக்கினேன். 333333331. ஒன்றுகூடப் பிசகவில்லை. அத்தனை நாள் அசையாமல் நின்ற வரிசை, பதினேழு என்ற சின்ன எண்ணிடம் விழுந்திருந்தது. நாங்கள் தேடியே போகாத இடத்தில் அவர் விரல் தடுமாறி அதைக் கண்டுபிடித்துவிட்டது. சிரிப்பில் எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. மறுமுனையில் அவரும் சத்தமாகச் சிரித்தார். பிறகு கேட்டார்:

"அதுக்கு அடுத்தது?"

"தெரியலீங்க."

"இரு, சவாரி வரதுக்குள்ள ஒன்னு ரெண்டு எண்ணுல வகுத்துப் பாக்கறேன்" என்று போனை வைத்துவிட்டார்.